உங்களுக்குத் தெரியுமா? பூங்காவில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?

சாயங்காலம் ஐந்து மணியானால் செம்பாக்கத்து நகர்ப் பூங்காக்களில் பிள்ளைகள் சத்தம் ஆரம்பமாகிவிடும். கூட்டிக்கொண்டு வந்த பெரியவர்கள் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். இந்த வாரம் ஒரு வேண்டுகோள்: அரை மணி நேரம் போனைப் பையில் போட்டுவிட்டு எதிரே நடப்பதைப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்காகவே இந்தத் துணுக்குகள்.

விழுவதற்கும் கணக்கு உண்டு

நடை பழகும் குழந்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி வைக்கும்? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை இஷ்டப்படி விளையாட விட்டு, வீடியோ எடுத்து எண்ணினார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடி. 17 முறை விழுதல். 2012-இல் வெளிவந்த ஆய்வு இது. குழந்தை நேராகவும் போவதில்லை. நாலடி வைக்கும், நிற்கும், திரும்பும், மறுபடி நாலடி. நமக்கு வீண் அலைச்சலாகத் தெரியும் இதுதான் அதற்குப் பயிற்சி.

முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்

பொத்தென்று விழுந்த குழந்தை அழுவதற்கு முன் ஒரு நொடி பெற்றவர் முகத்தைப் பார்க்கும். அந்த நொடியைக் கவனித்திருக்கிறீர்களா? 1960-இல் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஒரு கண்ணாடி மேசை செய்தார்கள். ஒரு பாதியில் கட்டம் போட்ட துணி கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருக்கும். மறு பாதியில் துணி கீழே தாழ்ந்திருக்கும். பார்வைக்குப் பள்ளம், தொட்டால் தரை. பின்னாளில் வேறொரு குழு அதே மேசையில், பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, ஒரு வயசுக் குழந்தைகளை விட்டது. எதிர்ப்பக்கம் அம்மா. அவர் சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 தாண்டி வந்தன. பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. 1985-இல் வெளியான முடிவு.

சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்து கீழே பார்க்கும் பிள்ளைக்கு நாம் கத்திச் சொல்லும் தைரியத்தைவிட, வாயைத் திறக்காமல் காட்டும் முகம் பெரிசு.

ஓரமாக நிற்கிற பிள்ளை

பூங்காவுக்குப் புதிதாக வந்த மூன்று வயசுப் பெண் ஊஞ்சல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மற்றவர்கள் மணலில் கோபுரம் கட்டுகிறார்கள். அவள் அசையவில்லை. "போய் விளையாடுடி, எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்?" என்று அப்பா முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார்.

தள்ள வேண்டாம். அமெரிக்காவின் மில்ட்ரெட் பார்ட்டன் பிள்ளைகள் விளையாடுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து, 1932-இல் ஆறு வகையாகப் பிரித்துச் சொன்னார். எதிலும் ஈடுபடாமல் இருப்பது, தனியே விளையாடுவது, பார்த்துக்கொண்டு நிற்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் ஆட்டத்தை ஆடுவது, பொருள்களைக் கொடுத்து வாங்கி ஆடுவது, ஒரே திட்டத்தோடு சேர்ந்து ஆடுவது. பார்த்துக்கொண்டு நிற்பதையும் அவர் ஆட்டத்தில்தான் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கண்ணைப் பாருங்கள்: யார் வாளி வைத்திருக்கிறார்கள், யார் கேட்டால் கொடுக்கிறார்கள், யார் தட்டிவிடுகிறார்கள் என்று ஒவ்வொருவராகப் போய்வரும். பத்து நிமிஷம் பொறுத்தால் மணல்மேட்டின் மறு ஓரத்தில் போய் உட்காருவாள். அவர்களோடு பேச மாட்டாள். ஆனால் அவள் கட்டுவதும் கோபுரமாகவே இருக்கும்.

இந்த ஆறையும் வயசுவாரி ஏணியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஐந்து வயசுப் பிள்ளைக்கும் ஒருநாள் தனியாக விளையாடத் தோன்றும். அதில் குறை ஒன்றும் இல்லை.

ஒப்புக்குச் சப்பாணி

ஐஸ் பாய் ஆட்டம். ஒன்பது, பத்து வயசில் ஆறேழு பேர். அக்காவின் பின்னாலேயே வந்து நிற்கிறான் நாலு வயசுத் தம்பி. "இவனையும் சேத்துக்கணும். இல்லன்னா நானும் வரல." ஒரு நிமிஷம் யோசனை. "சரி, இவன் ஒப்புக்குச் சப்பாணி." வழக்கு தீர்ந்தது. சா பூ த்ரி போடுகிறார்கள். தம்பியும் கையை நீட்டுகிறான், எப்போது திருப்ப வேண்டும் என்று தெரியாமல்.

எல்லாரும் ஒளிகிறார்கள். "ஜூட்டா?" "ஜூட்!" தம்பி வேப்பமரத்துக்குப் பின்னால் பாதி உடம்பு வெளியே தெரிய, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டு நிற்கிறான். பிடிக்கிறவன் நேரே பார்க்கிறான். பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறான்.

கண்ணை மூடினால் நம்மை யாரும் பார்க்க முடியாது என்று சின்னப் பிள்ளைகள் உண்மையாகவே நினைக்கிறார்களா? கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ரஸ்ஸலும் சக ஆய்வாளர்களும் 2012-இல் மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். உடம்பு தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டால்தான் 'என்னை'ப் பார்த்ததாகக் கணக்கு என்று அவர்கள் நினைக்கிறார்கள். தம்பி செய்தது முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. அவன் வயசுக்கு அது சரியான கணக்கு.

இந்த ஏற்பாட்டின் அருமையைப் பாருங்கள். ஒப்புக்குச் சப்பாணி அவுட் ஆக மாட்டான். அவனால் யாரும் தோற்கவும் மாட்டார்கள். ஆனால் ஆட்டம் முழுக்க உள்ளே இருப்பான், எல்லாம் காதில் விழும், ஓட்டமும் உண்டு. ஒருநாள், யாரும் அறிவிக்காமலே, அவன் அசல் ஆட்டக்காரனாகிவிடுவான். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991-இல் எழுதிய புத்தகம் இதையேதான் பேசுகிறது: ஒரு தொழிலின் ஓரத்தில் இடம் கிடைத்து, அங்கிருந்து மெல்ல நடுவுக்கு வருவதே கற்றல். அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று லைபீரியாவின் தையற்கடைகள். அங்கே புதுப் பையன் முதலில் பட்டன் தைப்பான், ஓரம் மடிப்பான். துணி வெட்டுவது பின்னால். நம் டெய்லர் கடையில் காஜா எடுக்கும் பையனும் அப்படித்தான் தொழிலுக்குள் வந்தான்.

ஒரே வயசுக்காரர்களை ஒரே அறையில் உட்கார வைக்கும் பள்ளிக்கூடத்தில் இதற்கு வழியில்லை. நாலும் பத்தும் கலந்து ஆடும் தெருவிலும் பூங்காவிலும்தான் இது நடக்கிறது. 'அண்டர் ஃபைவ்', 'அண்டர் எய்ட்' என்று பிரித்துக் கட்டணம் வாங்கும் உள்ளரங்க விளையாட்டுக் கூடங்களில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

கல்லா? மண்ணா?

ஓடத் துடிக்கும் காலை நிறுத்தி வைப்பதுதான் கல்லா மண்ணாவில் கஷ்டம். ஒரு பக்கம் பத்திரம், மறு பக்கம் ஆபத்து. அடுத்த ஆட்டத்தில் அதுவே தலைகீழ். அமெரிக்க உளவியலாளர்கள் சின்னப் பிள்ளைகளின் தன்கட்டுப்பாட்டை அளக்க ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்: "தலையைத் தொடு" என்று சொன்னால் காலைத் தொட வேண்டும், "காலைத் தொடு" என்றால் தலையை. நம் பிள்ளைகள் அதை மூச்சிரைக்க ஓடிக்கொண்டே செய்கிறார்கள்.

கோலியோடு தரையில் உட்கார்ந்தவர்

உளவியலாளர் ஜான் பியாஜே சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல், ஜெனீவா ஊர்களில் கோலி ஆடும் பையன்களோடு உட்கார்ந்து, எப்படி ஆடுவது என்று தனக்குச் சொல்லித்தரச் சொன்னார். பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டார்: இந்த விதியை யார் போட்டது, மாற்றலாமா? சின்னவர்கள் மாற்றவே முடியாது, பெரியவர்கள் போட்டது, கடவுள் போட்டது என்றார்கள். ஆனால் ஆடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். பத்து வயசைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். ஆடும்போது இம்மி பிசகவில்லை. குழந்தையின் நீதி உணர்வு பற்றிய அவருடைய 1932-ஆம் வருஷப் புத்தகம் இந்தக் கோலியிலிருந்துதான் தொடங்குகிறது.

"அழுகுணி ஆட்டம் ஆடுற!" என்று சத்தம் கேட்டதும் பெஞ்சிலிருந்து எழுந்து தீர்ப்பு சொல்லப் போகிறோம். போகாமல் இருந்தால், கால் மணி நேரம் வாதாடி அவர்களே ஒரு விதி போட்டுக்கொள்வார்கள். அந்த வாதமும் ஆட்டத்தில் ஒரு பகுதி.

சண்டையா, விளையாட்டுச் சண்டையா?

புல்லில் இரண்டு பேர் கட்டிப் புரளுகிறார்கள். எழுந்து ஓடுவதா, இருப்பதா? நர்சரிப் பள்ளிப் பிள்ளைகளை விலங்கியலாளர் பார்க்கிற மாதிரி பார்த்து 1967-இல் எழுதிய நிக்கோலஸ் பிளர்ட்டன் ஜோன்ஸ் தெளிவாக வழி காட்டுகிறார். விளையாட்டுச் சண்டையில் வாய் திறந்து சிரித்த முகம், ஓட்டம், துரத்தல், மேலே விழுதல். நிஜச் சண்டையில் நெற்றி சுருங்கும், முறைப்பு இருக்கும், பெரும்பாலும் ஏதாவது ஒரு பொருளுக்காக நடக்கும். இன்னொரு அடையாளம்: விளையாட்டுச் சண்டை முடிந்தால் இருவரும் சேர்ந்தே இருப்பார்கள், நிஜச் சண்டை முடிந்தால் ஆளுக்கொரு பக்கம்.

பிள்ளைத்தமிழ் பார்த்த பிள்ளைகள்

குழந்தை வளர்வதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதுவதற்கு நமக்கு ஓர் இலக்கிய வகையே உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தோராம் மாதம் வரை அடுக்குவது வழக்கம். செங்கீரையில் குழந்தை கையூன்றி, ஒரு காலை மடக்கி, தலை நிமிர்த்தி ஆடும். சப்பாணியில் கை கொட்டும். வருகையில் தளர்நடை. பிறகு ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல். நமக்குக் கிடைப்பவற்றில் பழையது 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். அதற்கும் வெகு முன்பே பட்டினப்பாலை, குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரைப் பூம்புகார்ப் பிள்ளைகள் உருட்டுவதைக் காட்டிவிட்டது. பெண்பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டை ஆண்பிள்ளை கலைக்க வருவதையும், அவர்கள் கலைக்காதே என்று கெஞ்சுவதையும் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பத்து முழுக்கப் பாடியிருக்கிறாள். செம்பாக்கத்து மணல் தொட்டியில் இன்றும் தினம் நடக்கும் வழக்கு.

அடையாறில் மாண்டிசோரி

'மாண்டிசோரி' என்ற பெயர்ப்பலகை தாம்பரம் வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு தெரிகிறது. அந்த அம்மையாரே சென்னையில் வாழ்ந்தவர். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு வந்தார். முதல் பயிற்சி வகுப்புக்கு நாடெங்கிலுமிருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் மகன் மரியோவை ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. அம்மையாரின் 70-ஆம் பிறந்தநாளையொட்டி ஆகஸ்ட் மாதம் விடுதலை செய்தது. இந்தியாவைவிட்டுப் போக முடியாத அந்த ஆண்டுகளில் அவர் கொடைக்கானலிலும் தங்கி வேலை செய்தார். 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று 1949-இல் அடையாறிலிருந்தே வெளிவந்தது. ஆசிரியருக்கு அவர் கொடுத்த முதல் வேலை கற்பிப்பது அல்ல, பார்ப்பது. பலகை மாட்டிய பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்: இங்கே பிள்ளைகளை யார், எவ்வளவு நேரம், குறுக்கிடாமல் பார்க்கிறார்கள்?

சறுக்குமரத்தில் எதிர்ப்பக்கமாக ஏறினால்

"படி எதுக்கு இருக்கு? இறங்கு!" என்று உடனே குரல் எழும். எதிரே யாரும் சறுக்கி வராதபோது ஏறட்டும். கால் வழுக்கும், செருப்பைக் கழற்றிப் போடும், ஓரத்தைப் பிடிக்கும், உடம்பை முன்னால் சாய்க்கும். உராய்வு பற்றிய பாடம் இது. நார்வேயின் எல்லன் சாண்ட்செட்டர் 2007-இல் பிள்ளைகள் தேடிப் போகும் ஆபத்துகளை ஆறாக வகுத்தார்: உயரம், வேகம், கூரான கருவிகள், தீயும் ஆழமான நீரும் போன்றவை, மல்லுக்கட்டு, கண்ணுக்கு மறைந்து திரிவது. பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயத்தை ஆளக் கற்கிறார்கள் என்பது அவருடைய வாதம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: மே மாத மத்தியானத்தில் இரும்புச் சறுக்குமரம் தோலைச் சுட்டுவிடும். உங்கள் உள்ளங்கையை முதலில் வைத்துப் பாருங்கள்.

ஊஞ்சல்

இரண்டு மீட்டர் சங்கிலி உள்ள ஊஞ்சல் ஒரு முறை போய்வர ஏறக்குறைய 2.8 நொடி. குண்டுப் பையன் ஆடினாலும் ஒல்லிப் பெண் ஆடினாலும் பெரிய வித்தியாசம் இராது. சீசாவில் அப்படி இல்லை. கனமான பிள்ளை நடுவை நோக்கி நகர்ந்தால்தான் சமனாகும். எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாமலே ஆறு வயசில் நகர்ந்து உட்காருகிறார்கள்.

கணக்கு வாத்தியார் மகன் கண்டுபிடித்த ஏணிக்கூண்டு

பூங்காவில் இரும்புக் குழாய்களை நெடுக்கும் குறுக்குமாகக் கட்டிய கூண்டு இருக்கிறதே, அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் செபாஸ்டியன் ஹின்டன் என்ற வழக்கறிஞர், 1920-களில். அவருடைய அப்பா சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன் நான்காம் பரிமாணத்தைப் பற்றி எழுதிய கணித அறிஞர். ஜப்பானில் இருந்தபோது பிள்ளைகளுக்கு முப்பரிமாணம் மனசில் பதிய வேண்டும் என்று மூங்கிலால் கூண்டு கட்டி, புள்ளிகளின் எண்ணைச் சொல்லி அங்கே ஏறச் சொல்வாராம். மகன் நினைவில் வைத்திருந்தது எண்களை அல்ல, ஏறியதை.

எம்-சாண்ட் குவியல்

செம்பாக்கத்தில் எந்தத் தெருவிலும் ஒரு வீடு எழும்பிக்கொண்டேதான் இருக்கிறது. பூங்காவில் ஊஞ்சல் காலியாகக் கிடந்தாலும் பிள்ளைகள் கொத்தனார் கொட்டிவைத்த குவியலில்தான் இருப்பார்கள். டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடோர் சோரன்சன் இதே காட்சியைக் கவனித்தவர். போர்க்காலத்தில், 1943-இல், கோபன்ஹேகன் அருகே எம்ட்ருப்பில் பலகை, செங்கல், கயிறு எல்லாம் போட்ட ஒரு திடல் திறக்கப்பட்டது. பிள்ளைகளே கட்டி, பிள்ளைகளே இடித்தார்கள். இங்கிலாந்திலிருந்து போய்ப் பார்த்த லேடி ஆலன் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். அசையாத சாமான் ஒன்றையே செய்யும், அசையும் சாமான் நூறு ஆகும் என்பதே இதன் அடிப்படை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆணியும் ஈர சிமென்டும் இருக்கும், அங்கே விடாதீர்கள். பூங்காவின் மூலையில் ஒரு வண்டி ஆற்று மணலும் பழைய டயரும் போட நகர் நலச் சங்கத்தில் பேசலாம். பெங்களூரின் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் அமைப்பு வீணான டயர்களைக் கொண்டே நாடு முழுக்க விளையாட்டுத் திடல்கள் அமைத்திருக்கிறது.

மண்ணும் வெயிலும்

பின்லாந்தில் பகல்நேரக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணும் செடியும் கொண்டுவந்து போட்டார்கள். 28 நாளில் அங்கே விளையாடிய மூன்று முதல் ஐந்து வயசுப் பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. எதிர்ப்பாற்றல் நல்ல பக்கம் நகர்ந்ததற்கான குறிகள் ரத்தத்தில் தெரிந்தன. 2020-இல் வெளியான ஆய்வு.

சீனாவின் குவாங்சௌவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பள்ளிகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. மூன்று, நாலு வயசுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிஷமாவது ஓடியாட வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இரண்டு பெட்ரூம் வீட்டுக்குள் 180 நிமிஷம் ஓட முடியாது.

பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள்?

ஐந்து வயசில் பாதிக்குப் பாதி இருந்த பெண்பிள்ளைகள் பதினொரு வயசில் பூங்காவில் கண்ணில் படுவதில்லை. நடுவில் பையன்கள் கிரிக்கெட். ஓரத்தில் இரண்டு பெண்கள் நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். "அவங்களுக்கு இஷ்டம் இல்லை" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

வியன்னா நகரம் 1990-களில் தன் பூங்காக்களை எண்ணிப் பார்த்தது. ஒன்பது வயசுக்குப் பிறகு பெண்பிள்ளைகள் வருவது சட்டென்று குறைந்தது. இடத்துக்குப் போட்டி வந்தால் அவர்கள்தான் விலகிக்கொண்டார்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களை மாற்றிப் பார்த்தார்கள்: ஒரே பெரிய மைதானத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், பூப்பந்துக்கும் கைப்பந்துக்கும் இடம் விட்டார்கள், நடைபாதை போட்டார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. ஒரு ஷட்டில் கோர்ட், நல்ல விளக்கு, பூட்டாத கழிப்பறை: இந்த மூன்றும் உங்கள் நகர்ப் பூங்காவில் உண்டா என்று பார்த்துவிட்டு, இஷ்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அந்த இடம் யாருடையது?

சென்னைப் பெருநகர்ப் பகுதியில் 3,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதுதான். 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால், நிலம் தர வழியில்லாதபோது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் என்றால் நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது.

உங்கள் நகரின் அப்ரூவ்டு லேஅவுட் நகலை எடுத்துப் பாருங்கள். 'பார்க்' என்று குறித்த மனையில் இப்போது என்ன இருக்கிறது? புதர், குப்பை, கார் ஷெட், பூட்டிய கேட், எதுவாக இருந்தாலும் எழுதிக் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். செம்பாக்கம் நகராட்சி 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் மனு போக வேண்டிய இடம் அதுதான். சர்வே எண்ணையும் லேஅவுட் ஒப்புதல் எண்ணையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.